ஆறு சாவிகளும் ஓர் அலவாங்கும்

போன மாதம் கண்டியில், புதிதாக நியமனம் பெற்ற காணி உத்தியோகத்தர்களான உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் நீங்கள் முப்பத்து மூன்று பேர் இருந்தீர்கள். காலையிலிருந்தே மழை. வாசலில் சாத்தி வைத்திருந்த குடைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் இருந்தன. மற்ற இருபத்து நான்கு பேரும் எப்படி வீடு போய்ச் சேரப் போகிறீர்கள் என்ற யோசனையிலேயே எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. உரம், கன்று, மானியம் என்று ஏதோ பேசிவிட்டு இறங்கினேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கவலைப்படுவது என் சுபாவம். எண்ணுவதும் அப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் ஆசனங்களை எண்ணுவேன். தேவாலயத்தில் பூசைக்குப் போனால் மெழுகுதிரிகளை எண்ணுவேன். கவலை வரும்போது எண்ணத் தொடங்குகிறேனா, எண்ணியபின் கவலை வருகிறதா என்று என் மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது. காணி அபிவிருத்தி வேலையில் இத்தனை வருடம் இருந்ததில் இந்த இரண்டு சுபாவமும் சேர்ந்து பயன்பட்டது ஒரு நாள்தான். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கலஹாவில் பஸ்ஸால் இறங்கி, இன்னும் மேலே ஏறிப் போக வேண்டிய ஒரு சரிவு. காணிச் சீர்திருத்தத்தின்போது அரசாங்கம் எடுத்த தோட்டங்களில் ஒன்றின் ஓரம் அது. பின்னர் தேயிலை கைவிடப்பட்டு, மானாப்புல் மண்டிக் கிடந்தது. கடைசியில் ஏழு குடும்பங்களுக்கு அரை அரை ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏழும் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள். தோட்டத்து வரிசை அறையான லயன் காம்பிராவில் பிறந்து, லயன் காம்பிராவில் பிள்ளை பெற்றவர்கள். தங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம் என்பதை அவர்கள் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். நாங்கள் மிளகுக் கொடியும் கராம்புக் கன்றும் கொடுத்தோம். தண்ணீர்த் தாங்கி கட்ட உதவினோம். புல் இருந்த இடத்தில் ஏழு வீடு வந்தது. கொட்டில் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அவர்கள் வீடு என்றுதான் சொன்னார்கள்.

காணி அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. காணிக்காரர் காணியிலேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். வசதியுள்ளவர்கள் பெயருக்குக் காணி வாங்கிப் பூட்டிவைத்துவிட்டுப் போய்விடாமல் இருப்பதற்காகப் போட்ட நல்ல நிபந்தனை. நல்ல நிபந்தனைகளைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். கெட்டதை யாராவது ஒருவர் எதிர்ப்பார். நல்லதை எல்லோரும் அப்படியே விட்டுவிடுவார்கள். பார்வையிடப் போகும் உத்தியோகத்தர் வீடு பூட்டியிருக்கக் கண்டால் குறித்துக்கொள்வார். மறுமுறையும் பூட்டியிருந்தால் விசாரணை, பிறகு அனுமதி இரத்து. அந்தச் சரிவில் இதற்கு ‘வெட்டுறது’ என்று பெயர்.

ஏழு பேரில் ஒருவருக்கு அது நடந்திருந்தது. அவர் கறுப்பையா. மிகவும் மெலிந்த மனிதர், என்னைவிடச் சற்று மூத்தவர். அவருக்கு முதலில் கிடைத்த காணி இதைவிட நல்லது, கீழே ரோட்டோரம். அங்கே இருக்கும்போது அவருடைய மகனுக்குச் சிறுநீரக வியாதி வந்தது. பேராதனைக்கும் கண்டிக்குமாக வைத்தியசாலையில் அலைந்தார்கள். ஒரு பருவம் முழுக்க உறவினர் வீட்டில் தங்கி மகனைப் பார்த்தார்கள். பார்வையிடப் போன உத்தியோகத்தர் இரண்டு முறையும் பூட்டிய வீட்டைக் கண்டார். மகன் பிழைத்தான், காணி பிழைக்கவில்லை. நான் அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வருவதற்கு வெகு முன்பே நடந்தது. பிறகு பல வருடம் அலைந்து திரிந்து கறுப்பையாவுக்குக் கிடைத்ததுதான் இந்தச் சரிவின் உச்சித் துண்டு. ஏழிலும் மிகச் செங்குத்தானது. வேறு யாரும் வேண்டாம் என்றது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கலியாணத்துக்கு வாருங்கள்.

அந்த ஏழு வீட்டில் ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் கீழே கோவில் மண்டபத்தில் கலியாணம். என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்ததும் என் கண் வழக்கம்போல எண்ணத் தொடங்கியது. தண்ணீர்த் தாங்கிக்காக வீடு வீடாக ஆள் எண்ணியிருந்தேன், ஏழு வீட்டிலும் குடியிருப்பவர்கள் முப்பத்தொன்பது பேர். பந்தியில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் குறைந்தார். மணப்பெண் வீட்டில் குறைந்தவர் அவளுடைய தகப்பன். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறிப் போனார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தகப்பன் இறங்கி வந்து பிள்ளைகளை ஆசீர்வதித்தார்.

பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

“வீட்டுக்கு ஒரு ஆளு காவல், ஐயா. அடுப்புல பொகை தெரியணும்ல. நீங்க இங்க சாப்பிடுறீங்க, ஒங்க ஆளு எவனாவது அங்க ஏறிக்கிட்டு இருந்தா?”

நானும் சிரித்தேன். அன்று அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் மழை வந்தது. நீங்கள் எல்லோரும் கண்டிக்காரர்கள், எந்த மாதிரி மழை என்று விளக்கத் தேவையில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்துக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை போட்டார்கள். கிராம உத்தியோகத்தர் ஓர் இளம் சிங்களப் பெண், பொறுப்பானவர். காலையிலேயே ஏறிப் போய் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி, எல்லோரையும் கீழே தமிழ்ப் பாடசாலைக்கு இறங்க வைத்தார். பகல் எனக்கு அழைப்பு எடுத்து, ஏழு குடும்பமும் வந்துவிட்டது என்றார். அவர் சொன்னது சரி. ஏழு குடும்பமும் வந்துதான் இருந்தது.

நான் அலுவலக வாகனத்தில் பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனேன். ஓட்டுநர் ஹனீபா நானா பிலிமத்தலாவைப் பக்கத்துக்காரர், அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் அவருக்கும் ஓய்வு பெறுவதற்கு ஏறக்குறைய ஒரே காலம்தான். பாடசாலை மண்டபத்தில் ஈர உடுப்புகளைக் கதிரைகளில் காயப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வாங்குப் பலகைகளின் மேல் ஓடி விளையாடினார்கள். நான் கதவடியில் நின்று எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். மலசலகூடத்துக்குப் போனவர்கள் வரும் வரை பொறுத்து, மூன்றாம் முறை எண்ணினேன். முப்பத்தொன்றுதான்.

கலியாணமாகிப் போன பெண்ணைக் கழித்தால் முப்பத்தெட்டு இருக்க வேண்டும். ஏழு குறைகிறது. வீட்டுக்கு ஒன்று.

பெரியவர்களிடம் கேட்டேன். அவர் பின்னால் வருகிறார், இவர் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஆளுக்கொரு பதில். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராசலெட்சுமி என்ற பெண்ணின் பிள்ளைகள். அவளுடைய கணவன் கொழும்பில் வேலை, அந்த வீட்டில் வேறு பெரியவர் கிடையாது. அம்மா எங்கே என்று சின்னவளிடம் கேட்டேன்.

“அம்மா வராது. வந்தா காணி போயிரும்.”

அதற்குப் பிறகு யாரும் மறைக்கவில்லை. கலியாணப் பந்தியில் என் பக்கத்தில் இருந்து சிரித்தவரே எழுந்து வந்து, தன் தாயை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். புள்ளைங்கள இறக்கியாகணும், சம்பாதிக்கிறவன் உசுரோட இருக்கணும், அப்போ மிஞ்சுறது யாரு என்று என்னையே கேட்டார். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்திருந்தது. வயதானவர்கள் தாங்களாகவே, நீங்க போங்க, நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்களும் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

அவர்களை அறிவில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகம் வருடக்கணக்காக அவர்களுக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் நடத்தியிருந்தது. அவர்கள் அதை நன்றாகப் படித்திருந்தார்கள்.

மேலதிகாரிக்கு அழைப்பு எடுத்தேன். உடனே இறங்கும்படி கட்டளையிடுங்கள் என்றார். பொலிசுக்கு எடுத்தேன். அவர்கள் வேறொரு சரிவில் மண்ணுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். இராணுவம் வரும், ஆனால் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் போய்க் கட்டளையிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வாகனத்தில் வந்த உத்தியோகத்தர் வீட்டை விட்டு இறங்கச் சொல்கிறார். அவர்கள் பயந்துகொண்டிருந்ததே அந்த உத்தியோகத்தருக்குத்தானே. போகாமல் இருந்தால் என்ன நடக்கும் என்றும் யோசித்தேன். அதை நெடுநேரம் யோசிக்க முடியவில்லை.

ஹனீபா நானா கதவடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், போறதெண்டா இப்பயே போவோம். பொறகு ரோட்டு ஈக்குமோ தெரியா.”

“நீங்க இங்க இருங்க, நானா. நான் மட்டும் போறன்.”

“ஒங்கட காலுக்கு அந்தப் படி ஏறேலா. வழுக்கி விழுந்தா ஒங்களத் தூக்க நான் ரெண்டாந்தரம் ஏறோணும். ஒருக்கா ஏறுறது லேசு.”

வாகனம் போகும் தூரம் வரை போனோம். பிறகு நடை. வழியில் ஓடை, பால்தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. முதல் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் பாதைக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு. என் கையை நுழைக்கலாம். நானா அதைத் தாண்டிவிட்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். நானும் எனக்குத் தெரிந்ததை முணுமுணுத்தேன்.

முதல் வீட்டில் இருந்தவள், கலியாணப் பந்தியில் சிரித்தவரின் தாய். அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, ஆளு இருக்கிறோம் ஐயா, பொகையும் இருக்கு, பார்த்துக்குங்க என்றாள். பார்வையிட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்த மழையில். இறங்கி வாங்க அம்மா, மண் பிளக்குது என்றேன். அவள் கதவைக் காட்டினாள். கொண்டியில் பூட்டும், பூட்டில் சாவியும் தொங்கின.

“பூட்டிட்டு வந்தா நீங்க வெட்டிருவீங்க. பூட்டாம வந்தா இருக்கிற நாலு சட்டியும் போயிரும். நான் என்னா செய்ய?”

அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதன் பிறகு சொன்னது நான் யோசித்துச் சொன்னதில்லை.

“நீங்க பூட்ட வேணாம். நான் பூட்டுறன். சாவி என்னட்ட இருக்கட்டும். யாராவது கேட்டா, வீட்ட ஒப்பீஸ் ஐயா பூட்டிட்டாரு, எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க.”

அவள் என்னைப் பார்த்தாள், நானாவைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். நான் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டேன். அவள் வந்து பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.

இப்படி ஒரு வேலையைச் செய்ய எனக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். எந்தச் சட்டமும் தரவில்லை. பிறகு பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன். ஒருவருடைய வீட்டை உத்தியோகத்தர் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எங்கும் இல்லை. அன்று மண் சரியாமல் இருந்திருந்தால் அந்தச் சாவிகள் எனக்கு எதிரான சாட்சியாகியிருக்கும். ஒவ்வொரு பூட்டையும் பூட்டும்போதும் இந்த எண்ணம் வந்தது.

முதல் கிழவி இறங்குவதை மற்ற வீடுகளில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அடுத்த வீடுகளில் அவ்வளவு பேச வேண்டியிருக்கவில்லை. நான் பூட்டினேன், நானா ஆட்களைக் கைப்பிடித்துப் படியிறக்கினார். பையில் சாவிகளை விரலால் தடவி எண்ணிக்கொண்டே ஏறினேன், ஜெபமாலை மணி உருட்டுவதுபோல.

ராசலெட்சுமி வீட்டில் பூட்டே கிடையாது. உள்ளிருந்து கதவுக்கு, குழி தோண்டும் இரும்பு அலவாங்கு ஒன்றைக் குறுக்கே சாத்தித்தான் வீட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறாள். பிள்ளைகள் தனியே அழுதுகொண்டிருக்கிறார்கள் என்றேன். அவள் என் காற்சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“எல்லார்கிட்டயும் சாவி வாங்குனீங்க. எங்கிட்ட சாவி இல்லையே. எங்க வீட்ட மட்டும் வெட்டிருவாங்களா?”

அவளுக்கு அதுதான் பயம். மற்ற ஆறு பேரும் ஒரு கணக்கில், தான் மட்டும் வேறு கணக்கில் ஆகிவிடுவோமோ என்று.

“அலவாங்கக் குடுங்க. அதுதான் ஒங்க சாவி.”

அவள் நான் பகிடி பண்ணுகிறேனா என்று பார்த்தாள். பிறகு கொண்டுவந்து தந்தாள். அதன் பாரத்தில் நான் ஒரு பக்கம் சரிந்தேன். கீழே படியில் நின்று நானா கத்தினார்.

“சேர், அடுத்த வீட்டுல அம்மிக்கல்லுத் தந்தா அதயும் வாங்கிக்கோங்க.”

அந்த இடத்தில் அவள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் காலை எடுத்து வைத்தாள்.

உச்சியில் கறுப்பையா. அவர் வீட்டு முற்றத்தில் நின்ற கராம்பு மரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கத்தின் வேர் மண்ணை விட்டு வெளியே தெரிந்தது. அவர் வாசற்படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே நடந்ததை எல்லாம் பார்த்திருக்கிறார். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே கையை உயர்த்தினார்.

“பூட்டுறதெல்லாம் சரிங்க ஐயா. ஒண்ணு கேக்குறேன். நீங்க எப்ப பென்சன் போறீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். மூன்று வருடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாரோ என்னவோ. வாய் வரவில்லை.

“எட்டு மாசம் இருக்கு.”

“எட்டு மாசத்துக்குப் பொறகு நான் யாருகிட்ட போயிக் கேக்குறது?”

தெரியாது என்றே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. எதிர்பார்த்த பதில் வந்த மாதிரி ஒரு தலையாட்டல்.

“போன வாட்டியும் ஒரு ஐயா, பயப்படாம ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாரு. நல்ல மனுசன். மாத்தலாகிப் போயிட்டாரு. பொறகு வந்தவரு வேற ஆளு. அவரு மேலயும் குத்தம் இல்ல. பூட்டுன வீட்டப் பாத்தாரு, எழுதுனாரு. நீங்க எறங்குங்க. நான் ஒருத்தன்தானே.”

அந்த நல்ல மனுசன் யாராக இருக்கும் என்று யோசித்தேன். என்னைப் போலத்தான் இருந்திருப்பார் என்று தோன்றியது. அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரைப் பயமுறுத்த உட்காரவில்லை. நிற்க முடியவில்லை. நானா வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அவரும் எதிரே ஒரு கல்லில் குந்தினார்.

“நானா, நீங்க எறங்குங்க.”

“ஒங்கள இங்க வெச்சிட்டு நான் போய் ஒங்கட மிசிஸுக்கு என்னண்டு சொல்ற?”

கறுப்பையா எங்களைப் பார்த்தார். சாய்ந்த மரத்தைப் பார்த்தார். மண்ணுக்குள் எங்கோ வேர் அறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்.

“ஐயா, நீங்க இங்க செத்துப் போனா இந்தக் காணி கட்டாயம் போயிரும்.”

“போயிரும்தான்.”

“ஒப்பீஸ் ஆளு செத்த காணிய ஒருத்தருக்கும் திருப்பித் தரமாட்டாங்க.”

“தரமாட்டாங்க.”

“அப்ப எந்திரிங்க.”

அவரே கதவைச் சாத்தினார், பூட்டை மட்டும் என்னைப் பூட்டச் சொன்னார். சாவி பைக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் படியில் கால் வைத்தார். அலவாங்கை நானா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று கிழவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாடசாலை வாசலில் நின்று எண்ணினேன். முப்பத்தெட்டு.

மறுநாள் காலை பாணுக்கு வரிசையில் நிற்கும்போது அது நடந்தது. பெரிய லொறி ஒன்று மலைக்குள்ளே ஓடுகிற மாதிரிச் சத்தம். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தபோது சரிவின் மேல்பாதி கீழே வந்திருந்தது. நான்கு வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. கறுப்பையாவின் வீடு அதில் ஒன்று. ராசலெட்சுமி இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் தன் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கறுப்பையா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா, சாவி பத்திரமா இருக்கா?”

இருக்கிறது என்று பையைத் தட்டிக் காட்டினேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பேன்.

அந்தச் சரிவில் இனி யாரும் இருக்கக்கூடாது என்று முடிவாகி, சில மாதம் கழித்து ஏழு பேருக்கும் மாற்றுக் காணிக்கான விசாரணை நடந்தது. சரிவு விழுந்த நேரத்தில் காணிக்காரர் குடியிருந்தாரா என்பது அங்கே ஒரு கேள்வி. இல்லை, பாடசாலையில் இருந்தோம் என்று ஏழு பேரும் உண்மையைச் சொன்னார்கள். விசாரணைக்கு வந்தவர் உங்கள் வயது, நேர்மையானவர், நன்றாகப் படித்தவர். அவர் குடியிருக்கவில்லை என்று எழுதிக்கொண்டே போனார். நான் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தேன். கறுப்பையா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பயந்தது, ஒன்றும் குறையாமல், அப்படியே எங்கள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

எழுந்து முன்னால் போனேன். சாவிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். அலவாங்கையும் வைத்தேன். அதை வாகனத்திலிருந்து கொண்டுவரும்படி நானாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். மேசை அதிர்ந்தது. வீடுகளைப் பூட்டியது நான், அவர்கள் போகவில்லை, நான் கொண்டுபோனேன், குடியிருக்கவில்லை என்று எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அலவாங்கைத் தொட்டுப் பார்த்தார். இதுவும் சாவியா என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, மேலே பேசிவிட்டு வருவதாக எழுந்து போனார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுந்து போய்க் கேட்டார். கேட்காமலே எழுதி முடித்திருக்கலாம்.

ஆறு குடும்பங்களுக்கு மாற்றுக் காணி கிடைத்தது. கொஞ்சம் தாமதமாக, ஆனால் சமதரையில். ஆளாளுக்கு வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். வீடே இல்லாதவர்களும் வாங்கிக்கொண்டார்கள். அலவாங்கை ராசலெட்சுமி வாங்கிப் போய்ப் புது வீட்டுக்கு அதைக் கொண்டே அத்திவாரக் குழி தோண்டினாள் என்று கேள்விப்பட்டேன்.

கறுப்பையாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஏற்கனவே ஒரு காணி இரத்தானவருக்கு மாற்றுக் காணி கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்து, அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எட்டு மாதம் என்று அவரிடம் சொன்னது ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அவர் மகனோடு உறவினர் ஒருவரின் லயன் காம்பிராவில் இருக்கிறார். மாதத்தில் ஒரு நாள் கண்டிக்கு வந்து அலுவலகத்தில் விசாரிப்பார். அங்கிருந்து அம்பிட்டிய பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்வார். நான் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுவேன். மரியாதையாகக் கதிரை தருவார்கள், தேத்தண்ணி தருவார்கள். ஓய்வு பெற்றவருக்கு அவ்வளவுதான் தர முடியும்.

ஒரு முறை அவருடைய சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். அது என் கையில் இருக்க இருக்க எனக்குப் பதற்றமாக இருந்தது. அவர் வாங்கவில்லை.

“ஒங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. நீங்கதானே பூட்டுனீங்க. நீங்கதான் தொறக்கணும்.”

“வீடே இல்லையே, கறுப்பையா.”

“பூட்டு இருக்குமுங்க. மண்ணுக்குள்ள எங்கயாச்சும் பூட்டுனபடியேதான் கெடக்கும்.”

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. இருதயத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். மாத்திரை காலையில் நான்கு, பின்னேரம் மூன்று. கறுப்பையா என்னைவிட மூத்தவர், அவர் மாத்திரையே எடுப்பதில்லை. அவர் முந்துவாரா நான் முந்துவேனா என்று கணக்குப் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் கணக்கு நன்றாக வரவில்லை. அன்று வாசற்படியில் அவர் கேட்ட கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது: உங்களுக்குப் பிறகு நான் யாரிடம் போய்க் கேட்பது?

நீங்கள் முப்பத்து மூன்று பேர். உங்களில் ஒருவருக்காவது கலஹாப் பக்கம் நியமனம் கிடைத்திருக்க வேண்டும். அது யார் என்று எனக்குத் தெரியாது. சாவி என் அலுமாரியில், ஜெபமாலை வைத்திருக்கும் தட்டில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பையா வரும் நாளாகப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது, அவர் முன்னாலேயே உங்கள் கையில் தந்துவிடுவேன். உங்களுக்கு எத்தனை வருடச் சேவை மிச்சம் இருக்கிறது என்று அவர் கேட்பார். உள்ளதை அப்படியே சொல்லுங்கள்.

அம்பிட்டியவில் பஸ்ஸால் இறங்கியதும் எங்கள் வீடு வரை ஏற்றம்தான், வழியில் ஒதுங்க இடம் கிடையாது. குடை கொண்டு வாருங்கள்.